பழைய வளையம்

அக்கா சமையலறையில் மண்டியிட்டு, தரையில் நின்ற தண்ணீரைத் துணியில் ஒற்றி வாளியில் பிழிந்துகொண்டிருந்தாள். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் ராத்திரி குழாய் கசிந்து, விடிவதற்குள் தண்ணீர் கூடம்வரை போய், அவள் தைப்பதற்கு வெட்டி வைத்திருந்த பள்ளிச் சீருடைத் துணியெல்லாம் நனைந்துவிட்டது. நீலச் சாயம் வெள்ளையில் இறங்கியிருந்தது. நாற்பது பிள்ளைகளின் சட்டை.

"வேலையிலேர்ந்து நின்னதுலேர்ந்து இந்த மனுஷனுக்குக் கை சும்மா இருக்கறதில்ல. தொட்டிக்கு அடியில தலைய விட்டுக்கிட்டுக் கிடந்தாரு, என் கண்ணால பாத்தேன்."

"ஈரமா இருந்துச்சு, துடைச்சேன். அவ்வளவுதான்," என்றார் அத்தான்.

"ஆமா, தொட்டதெல்லாம் துலங்கற கை பாருங்க!"

தொட்டியின் அடியில் மல்லாந்து கிடந்த தம்பியின் காதில் எல்லாம் விழுந்தது. இருபத்திரண்டு வருஷமாகக் குழாய் வேலை பார்ப்பவன். செம்புக் குழாயைப் பற்றவைக்காமல் இணைப்பதில் சூட்சுமமே அந்தச் சின்னப் பித்தளை வளையம்தான். நட்டை முறுக்க முறுக்க, அது நசுங்கிக் குழாயைக் கவ்விக்கொள்ளும். கவ்வியது கவ்வியதுதான், புது வால்வு போட்டால் வளையமும் புதிதாக இருக்க வேண்டும். இதைச் சொல்லிச் சொல்லியே கூட்டாளிகளிடம் 'வளையம்' என்று பட்டப்பெயர் வாங்கியவன் அவன்.

போன மாதம் இங்கே வால்வு மாற்றியபோது பையில் புது வளையம் இல்லை. கடைக்குப் போய்வர அரைமணி நேரம் ஆகும். அக்கா சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாள். நம்ம வீடுதானே என்று பழைய வளையத்தின் மேலேயே நட்டை ஏற்றினான். சொட்டியது. அரைச் சுற்று முறுக்கினான். அப்போதும் சொட்டியது. எரிச்சலில் பலம் கொண்டமட்டும் இன்னொரு சுற்று. சொட்டுவது நின்றது.

இப்போது நட்டைக் கழற்றிப் பார்த்தால், வளையம் ஒரு பக்கமாகக் கோணி நசுங்கியிருந்தது.

"என்னடா, உங்க அத்தான் கைவரிசைதானே?"

ஒரு 'ம்' போதும். அத்தான் வாங்காத திட்டா? ஆனால் அவன் அந்த வளையத்தைக் கையில் எடுத்துக்கொண்டான். வெளியே நகர்ந்து எழுந்து உட்கார்ந்தான்.

"இல்லக்கா. நான்தான். பழசையே போட்டு முறுக்கிட்டேன்."

அக்காவின் கையில் துணி அப்படியே நின்றது. "காலையிலேர்ந்து அவரை வறுத்து எடுக்கறேன். அதுவரைக்கும் வாயைத் தச்சா வச்சிருந்தே?"

அவன் அத்தானைப் பார்த்தான். "நீங்க திட்டு வாங்குறதக் கேட்டுக்கிட்டே படுத்திருந்தேன் அத்தான். நாலு வார்த்தை திட்டிடுங்க."

அத்தான் நனைந்த துணி மூட்டையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு, காயவைக்க மொட்டைமாடிக்குப் போய்விட்டார்.