நோர்வூட்டில் ஒரு பிடி மாவு

நோர்வூட் கடையொன்றின் முன்னால் லொறியை நிறுத்துகிறேன். அடியில் எண்ணெய் கொட்டுகிறது. தேயிலைப் பெட்டிகள் மாலை ரயில் புறப்படுமுன் ஹட்டன் சேர வேண்டும். எஞ்சின் முழுக்க எண்ணெய் படிந்திருப்பதால் ஒழுகும் இடம் தெரியவில்லை.

"நானா, ஒரு பிடி கோதுமை மாவு தருவீங்களா?" என்று கடைக்காரரிடம் தயங்கிக் கேட்கிறேன்.

"ரொட்டி சுட நல்ல நேரம் பாத்தீங்க," என்கிறார் அவர்.

எஞ்சினைத் துடைத்து, மாவைத் தூவி ஓடவிடுகிறேன். எண்ணெய்க் குழாயின் மூட்டில் மட்டும் மாவு கறுக்கிறது; ஒழுகுவது அங்கேதான். கழற்றினால் வாஷர் பிளந்திருக்கிறது. என்னிடம் வேறு இல்லை.

நானா சவுக்காரக் கட்டிகள் போட்டுவைத்த பழைய தேயிலைப் பெட்டியின் உட்புறத்தில் ஒட்டியிருந்த ஈயத்தாளைக் கிழித்து நீட்டுகிறார். மடித்து, வளையமாக வெட்டி, வைத்து இறுக்குகிறேன். லொறியில் வைத்திருந்த தகர டப்பாவிலிருந்து எண்ணெயை ஊற்றி, மூட்டைத் துடைத்து மறுபடியும் மாவு தூவுகிறேன். எஞ்சின் ஓடுகிறது. இருவரும் குனிந்து பார்க்கிறோம். மாவு வெள்ளையாகவே இருக்கிறது.

"ரொட்டி கருகல்ல," என்கிறார் நானா. "போங்க, ரயிலப் புடிங்க."