டப்பா அக்கா கேட்ட ஒரே சட்டம்

அந்தக் கடைத்தெருவின் நடுவே கோடு கிழித்து மாகாணம் பிரித்த மகராசன் யாரோ, அவன் நல்லாயிருக்கட்டும். செருப்புக்கடை இந்தப் பக்கத்து மாகாணம், எதிரே இருக்கும் மருந்துக்கடை அந்தப் பக்கத்து மாகாணம். பால் வாங்கப் போகிறவர்களுக்கு இதனால் ஒரு கஷ்டமும் இல்லை. தெருவில் உண்டியல் குலுக்கும் டப்பா அக்காவுக்குத்தான் தீராத தலைவலி.

தர்மத்துக்கு வசூல் செய்கிறவர்களுக்கு இரண்டு பக்கமும் சட்டம் உண்டு. ஆனால் ஒன்று கிழக்கே போ என்றால் மற்றது மேற்கே போ என்னும். இந்தப் பக்கத்தில் டப்பாவுக்கு அரக்கு முத்திரை வைத்திருக்க வேண்டும். மாதக் கடைசியில் அதிகாரி முன்னால்தான் அதை உடைக்கலாம். அந்தப் பக்கத்திலோ முத்திரை வைத்த டப்பாவே குற்றம். உள்ளே எதை ஒளிக்கிறாய் என்பார்கள். அங்கே சாதாரணப் பூட்டுதான் போட வேண்டும், தினமும் சாயங்காலம் சாட்சி வைத்துத் திறந்து காட்ட வேண்டும். ஆகவே அக்காவிடம் இரண்டு டப்பா, இரண்டு அடையாள அட்டை. தெருவைக் கடக்கும்போதெல்லாம் ஒன்றைச் செருப்புக்கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு மற்றதை வாங்கிக்கொள்வாள்.

"மாமியார் வீட்டுக்கு ஒரு முகம், அம்மா வீட்டுக்கு ஒரு முகம். நமக்குப் பழகினதுதானே அண்ணே," என்பாள் அவரிடம்.

வசூல் எதற்கு? அவள் முன்பு புற்றுநோய் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் வேலை பார்த்தாள். வெளியூரிலிருந்து வந்து, அன்றைய சிகிச்சை முடிந்ததும் தங்க இடமில்லாமல் படிக்கட்டுக்கு அடியில் சுருண்டு கிடப்பவர்களைப் பார்த்துப் பார்த்து மனசு பொறுக்காமல், ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு பழைய கிடங்கை வாடகைக்குப் பிடித்துக் கட்டில் போட்டாள். தங்குவதற்குக் காசு கிடையாது. அவளும் அங்கேயே ஒரு மூலையில் படுத்துக்கொள்வாள். வாடகையும் கஞ்சியும் டப்பாவிலிருந்துதான் வந்தன.

ஒருநாள் மழை கொட்டியது. இந்தப் பக்கம் ஒதுங்க இடமில்லை. முத்திரை டப்பாவை மாற்ற மறந்து, அப்படியே ஓடிப்போய் மருந்துக்கடை வாசலில் நின்றாள். கடையிலிருந்து வந்த ஒரு புண்ணியவான், அவள் கேட்காமலே ஒரு நோட்டை மடித்து உள்ளே போட்டார். பக்கத்தில் ஒதுங்கி நின்ற போலீஸ்காரர் டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். வழக்குப் பதிவானது.

"குற்றத்தை ஒத்துக்கிட்டு அபராதம் கட்டிடுங்கம்மா," என்றார் வக்கீல். "வாதாடினா வருஷக்கணக்கா இழுக்கும். இது அந்தப் பக்கத்துக் கேசு. இந்தப் பக்கம் ஒருத்தருக்கும் தெரியாது."

ஒத்துக்கொண்டாள். அந்தப் பக்கத்து அனுமதி போயிற்று. பாதி வசூலில் விடுதி தள்ளாடத் தொடங்கியது.

அந்தச் சமயத்தில்தான் கொத்தனாரும் அவர் மனைவியும் வந்து சேர்ந்தார்கள். அவருக்குத் தொண்டையில் புற்று. தினமும் ஆஸ்பத்திரியில் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டும். டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்: "நடுவுல நிறுத்துனீங்கன்னா இவ்வளவு நாள் வச்சதும் வீண். முழுசா முடிச்சா ஆள் பிழைச்சுக்குவாரு." பிழைக்கக் கூடியவர் என்று டாக்டரே சொன்ன ஆளைப் பார்ப்பது அந்தக் கிடங்கில் அபூர்வம். அக்காவுக்கு அவர்மேல் உயிர். பேச முடியாத அந்த மனிதர் சும்மா இருக்காமல், ஒழுகிய சுவரையெல்லாம் பூசிக் கொடுத்தார்.

இரண்டு மாகாணமும் சேர்ந்து ஒரே வசூல் சட்டம் கொண்டுவரப் போவதாகவும், பொதுமக்கள் வந்து கருத்துச் சொல்லலாம் என்றும் அறிவிப்பு வந்தது. அக்கா இரண்டு டப்பாவையும் தூக்கிக்கொண்டு போனாள். மேடையில் சட்டம் எழுதும் குழுவின் தலைவியம்மா முன்னால் அவற்றை வைத்து, மழைக் கதையை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"அபராதமும் கட்டினேம்மா. நான் திருடியா? எனக்கு நடந்தது இனிமே யாருக்கும் நடக்கக் கூடாது. ஒரே சட்டமாப் போடுங்க, புண்ணியமாப் போகும்."

சபை கைதட்டியது. தலைவியம்மா அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். குமாஸ்தா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

வழக்கத்துக்கு மாறாக இரண்டே வாரத்தில் சட்டம் வந்தது. இரண்டு பக்கத்துக்கும் ஒரே டப்பா, ஒரே அட்டை. நியாயமான சட்டம்தான், குறை சொல்ல முடியாது. அதிலேயே இன்னொன்றும் இருந்தது: எந்தப் பக்கமானாலும் வசூல் குற்றத்தை ஒத்துக்கொண்டவர் இனி எங்கும் வசூலிக்கக் கூடாது, தர்ம விடுதியும் நடத்தக் கூடாது. பழைய வழக்குக்கும் இது பொருந்தும்.

"உங்க கேஸ் எங்களுக்குத் தெரியவே தெரியாதும்மா," என்றார் கிடங்கைப் பூட்ட வந்த இந்தப் பக்கத்து அதிகாரி. அவருக்கே சங்கடமாக இருந்தது. "நீங்களே மேடையேறிச் சொல்லிட்டீங்க."

"வேற ஆள் பேருக்கு மாத்திக்கொடுங்க சார்."

"மாத்தலாம். புது விண்ணப்பம் போடணும். ஆறு மாசம் ஆகும்."

"கொத்தனாருக்கு இன்னும் மூணு வாரக் கரண்ட்தான் சார் பாக்கி!"

அவர் பூட்டைப் பூட்டினார். அக்கா வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு அழுதாள். ஊருக்கு உபகாரம் பண்ணப் போய்ச் சொந்தத் தலையிலேயே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். மற்றவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போனார்கள். கொத்தனாரையும் மனைவியையும் மட்டும் அவள் விடவில்லை. காதிலிருந்த தோட்டை விற்று, ஒரு மலிவான லாட்ஜில் அறை எடுத்துக் கொடுத்தாள். ஒரு வாரத்தில் அந்தக் காசு தீர்ந்தது.

"போதும்க்கா. எங்க விதி இதுதான். நாங்க ஊருக்குப் போறோம்," என்றாள் கொத்தனார் மனைவி.

"பேசாம இரு. இன்னிக்கு வாடகை சாயங்காலத்துக்குள்ள வரும்."

அக்கா கடைத்தெருவுக்குப் போனாள். டப்பா இல்லை, அட்டை இல்லை. மருந்துக்கடைப் பக்கம் நின்று வெறுங்கையை நீட்டினாள். தெரிந்தவர்கள் பார்த்தும் பாராதது போலப் போனார்கள். செருப்புக்கடைக்காரர் எதிரிலிருந்து ஓடிவந்து, "ஐயோ, என்னம்மா இது?" என்றார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

புதிதாக வந்திருந்த ஓர் இளம் போலீஸ்காரர் அருகே வந்தார். "அம்மா, அனுமதி இல்லாம வசூல் பண்ணக் கூடாது, தெரியுமில்ல? யாருக்காக வசூல் பண்றீங்க?"

அடுத்தவருக்காகக் கேட்பதற்குத்தான் சட்டம். தன் வயிற்றுக்குக் கையேந்துகிறவரைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அது அவளுக்குத் தெரியும். இத்தனை வருஷத்தில் தனக்கென்று ஒரு காசு கேட்டதில்லை அவள்.

"வசூல் இல்லீங்க. எனக்குத்தான். நான் பிச்சைக்காரி."

"அப்படியா? சரி, ஓரமா நில்லு," என்றார் அவர்.

அவள் ஓரமாகப் போய் நின்று, மறுபடி கையை நீட்டினாள்.