விளக்கில் ஊற்றிய மாத்திரை

கள்ளக்குறிச்சி மருந்துக்கடைக்காரர் மஞ்சள் மாத்திரைப் புட்டியை நீட்டி, "இது செடி எண்ணெங்க, மீனு இல்ல" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சின்ன வயதில் அப்பா அம்மாவிடம் சொன்ன அதே வார்த்தை.

அப்போது நான் நோஞ்சான். தினமும் எண்ணெய் அடைத்த ஒரு மஞ்சள் மாத்திரை. கவிச்சி தொடாத அம்மா அது செடி எண்ணெய் என்றே நம்பி, தன் கையாலேயே கொடுத்தாள். ஒரு வாரம் இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் மரங்களை வெட்டி ரோட்டில் போட்டிருந்தார்கள், கடைகள் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை சாமி விளக்குக்கு எண்ணெய் இல்லை. அம்மா மாத்திரைகளை ஊசியால் குத்திப் பிழிந்து விளக்கில் ஊற்றினாள்.

திரி பற்றியதும் வீடெங்கும் மீன் நாற்றம். அம்மா அப்பாவைப் பார்த்துக் கத்தினாள்.

"இன்னாங்க இது? சாமி முன்னாடி மீனு நாறுது!"

"டாக்டரு குடுக்கச் சொன்னாரு. நெசத்தச் சொன்னா நீ குடுத்திருப்பியா?" என்றார் அப்பா.

அம்மா விளக்கைப் புளி போட்டுத் தேய்த்தாள். அதே புளியால் என் நாக்கையும் தேய்த்தாள். நான் அலறியது தெருவுக்கே கேட்டிருக்கும்.

இப்போது மாத்திரை அம்மாவுக்கு. வீட்டுக்கு வந்து, "செடி எண்ணெதாம்மா" என்று நீட்டினேன். அவள் கை நீட்டவில்லை.

"தோட்டத்துல ஒரு அகல்ல ஊத்திக் கொளுத்து. அப்பறம் முழுங்கறேன்."