பூட்டிய அலுவலகத்தில் படிக்காத மெயில்கள்

தியாகதுருகம் தங்கதுரைக்கு இரண்டு நம்பிக்கைகள். கடவுள் இல்லை என்பது ஒன்று. சர்வர் பொய் சொல்லாது என்பது இன்னொன்று. முதலாவது அவருக்கு வீட்டில் திட்டு வாங்கித் தருகிறது. இரண்டாவது சோறு போடுகிறது: கள்ளக்குறிச்சியில் நான்கைந்து கம்பெனிகளின் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்கிறார். துருகம் சாலையில் ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அவர் கடை. மாடியில் ஒரு விதைக் கம்பெனி.

2020 டிசம்பர். இட ஒதுக்கீடு கேட்டு ஊருக்கு ஊர் மறியல். பஸ் நின்றால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, ஓடினால்தான் செய்தி. அந்த மாதத்தில் விதைக் கம்பெனியின் மெயில்கள் தாமாகவே படிக்கப்படத் தொடங்கின.

ஆர்டர்களைக் கவனிப்பவள் செந்தமிழ்ச்செல்வி. படிக்காத மெயில் தடித்த எழுத்தில் நிற்கும், திறந்தால் மெலிந்துவிடும். தடித்ததைப் பார்த்துத்தான் அவள் விதை அனுப்புவாள். இப்போது புதிய மெயில்களே மெலிந்து கிடந்தன. அவள் கண்ணில் படவில்லை, விதை போகவில்லை, மணலூர்பேட்டை ஏஜெண்ட் போனில் கத்தினார்.

மேனேஜர் நாராயணசாமி தங்கதுரையை மாடிக்குக் கூப்பிட்டார். "படிச்சிட்டு கம்முனு இருந்திருக்குது இந்தப் பொண்ணு. கேட்டா படிக்கவே இல்லன்னுது. திங்கக்கெழமைக்குள்ள இன்னான்னு சொல்லு. இல்லன்னா வூட்டோட இருக்கட்டும்."

"நான் தொடவே இல்லீங்க சார்," என்றாள் செல்வி. "மறியல் அன்னிக்கு ரிஷிவந்தியத்த வுட்டே வர முடியல. அன்னிக்கும் படிச்சதா காட்டுது. நான் இன்னா பறந்துகினா வந்தேன்?"

அப்பா கூலி வேலைக்குப் போகிறவர். அந்த வேலையும் எல்லா நாளும் இருப்பதில்லை. அவள் சம்பளத்தில்தான் உலை கொதிக்கிறது.

தங்கதுரை சர்வரின் பதிவைத் திறந்தார். மெயில்களைத் திறந்தது அலுவலகக் கம்ப்யூட்டர் இல்லை, ஒரு செல்போன். போனின் பெயரும் இருந்தது: சின்னராசு.

செல்விக்கு முன்னால் அதே நாற்காலியில், அதே கம்ப்யூட்டரில் வேலை பார்த்தவர் சின்னராசு. ஐப்பசியில் நெஞ்சுவலியில் இறந்துபோனார். அப்போதே பாஸ்வேர்டை மாற்றச் சொன்னார் தங்கதுரை. முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. எண் ஜோசியர் கூட்டிக் கழித்து வைத்துக் கொடுத்த பாஸ்வேர்டு அது. ஒரு ஆள் செத்ததற்காக ராசியை மாற்றுவார்களா?

சின்னராசுவின் மனைவி அமிர்தம் வெள்ளிமலைப் பக்கம் தாய்வீட்டில் இருந்தாள். தங்கதுரை பைக்கில் மலையேறினார். பனிமூட்டத்தில் வீடு தெரிவதற்கு முன்பே மணியோசை கேட்டது. வாசலில் கடுக்காய் மரம். அதன் கிளையில் ஒரு துணிப்பைக்குள் போன்.

"மரத்துலதாங்க டவர் கெடைக்குது, இந்த மாசந்தான் கட்டுனேன்," என்றாள் அமிர்தம். "சோறு துன்னுகினு இருந்தாலும் மணி அடிச்சா கைய கழுவிட்டு தொறந்துருவாரு. இப்ப தொறக்கலன்னா அவரு பக்கத்துல வந்து நிக்கிற மாரி இருக்குதுங்க. அதான் தொறந்துட்றேன்."

"படிப்பீங்களா?"

"எனக்கு எங்க படிக்கத் தெரியும்? சும்மா தொறக்கறதுதான்."

தங்கதுரைக்கு நிம்மதி. பேயும் இல்லை, பழுதும் இல்லை. பதிவில் கண்ட ஒன்றை மட்டும் கேட்டு வைத்தார். "சில மெயில மறுபடி படிக்காததா மாத்தி வெச்சதும் நீங்கதான?"

"அப்டிகூட மாத்தலாமா?" என்றாள் அவள்.

போனிலிருந்து கணக்கை நீக்கச் சொன்னபோது உடனே கொடுத்துவிட்டாள். "எடுத்துருங்க. நானும் கொஞ்சம் தூங்குவேன்."

இறங்கி வந்து பதிவை மறுபடி பார்த்தார். மறியல் நாளன்று நான்கு மெயில்கள் திரும்பவும் தடித்த எழுத்துக்கு மாறியிருந்தன. நான்கும் அவசர ஆர்டர்கள். அமிர்தம் திறந்ததில் மெலிந்துபோனவை. மாற்றியது போன் இல்லை. மாடியில் செல்வி உட்காரும் கம்ப்யூட்டர்.

சாவி யாரிடம் இருந்தது என்று பேச்சோடு பேச்சாக நாராயணசாமியிடம் கேட்டார்.

"எங்கிட்டதான். முந்தின நாளே மெயின் சுவிட்ச எறக்கிட்டுப் பூட்டினேன். யாரு வரப்போறா அன்னிக்கு? ஏன் கேக்கற?"

"சும்மாதாங்க."

முழுவதையும் சொன்னால் நாராயணசாமி பேயை நம்பமாட்டார். செல்வியிடம் கள்ளச்சாவி இருப்பதை நம்புவார். சர்வர் பொய் சொல்லாது. அதனால் சர்வருக்குப் பதிலாகத் தங்கதுரை சொன்னார்: எல்லாம் அந்தப் போன்தான், சரிசெய்தாயிற்று, முதலாளியிடம் சொல்லிப் பாஸ்வேர்டையும் மாற்றியாயிற்று.

"செத்தவன் போனா!" மேனேஜர் முகக்கவசத்தை இறக்கிவிட்டுச் சிரித்தார். "நான் வேற பயந்துட்டன்பா. செல்வி, போய் வேலயப் பாரு."

சாயங்காலம் செல்வி கடைக்கு வந்தாள். "அண்ணா, நீங்க இன்னாவோ முழுங்கிட்டீங்க. இன்னா அது?"

அவளிடம் மறைக்க முடியவில்லை, சொன்னார். அவள் மாடிப்படியை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"வேலய வுட முடியாதுங்கண்ணா," என்றாள். "காத்தால நீங்க முதல்ல உள்ள போய் லைட்ட போட்டுருங்க. அப்பறம் நான் வர்றேன்."

அன்றிலிருந்து தினமும் காலையில் தங்கதுரைதான் மாடியைத் திறக்கிறார். மேனேஜரிடம் கேட்டு ஒரு சாவி வாங்கிக்கொண்டார். இருந்தாலும் முதலில் கதவை இரண்டு தட்டு தட்டிவிட்டு, கொஞ்சம் பொறுத்துத்தான் சாவியைப் போடுகிறார்.