தண்ணி லாரி, நான்காம் பாகம்

இங்கே படம் முடிந்து வெளியே வருகிறவர்களிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஜெர்மனிக்கு வந்த பிறகு குளிர் பழகிவிட்டது, மாலை வருமுன்பே இருட்டுவது பழகிவிட்டது, பேருந்தில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் ஆட்கள் நின்றுகொண்டே வருவதும் பழகிவிட்டது. இது மட்டும் பழகவில்லை. நான் வேலை பார்க்கும் இந்தச் சின்ன நகரத்தில் ஒரே ஒரு திரையரங்குதான். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அந்த விண்வெளிப் படத்தின் நான்காம் பாகத்தைத் தனியாகப் போய்ப் பார்த்தேன். கடைசிப் பெயர் ஓடி முடியும்வரை எல்லாரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு, காலி டப்பாவைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, அவரவர் சைக்கிளைப் பார்த்துப் போய்விட்டார்கள். அடுத்த காட்சிக்குக் காத்திருந்தவர்கள் கைபேசியிலிருந்து தலை நிமிரவில்லை. நான் படிக்கட்டில் சும்மா கொஞ்ச நேரம் நின்றேன். பதில் தயாராக இருந்தது. கேட்கத்தான் ஆளில்லை.

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. திருவண்ணாமலையில் ஒரு காட்சி முடிந்து கதவைத் திறந்தால், அடுத்த காட்சிக்கு நிற்கிற கூட்டம் கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்தே "படம் எப்டிங்க?" என்று கத்தும். கேட்கிறவர் யாரென்று தெரியாது. ஆனாலும் சொல்லாமல் போக முடியாது. என் அண்ணன் சேகர் அதில் கெட்டிக்காரன். நடந்துகொண்டே, தலையைக்கூடத் திருப்பாமல், "ஃபைட்டு ஜாஸ்தி, கதை கம்மி, ஆனா போலாம்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவான். அதைக் கேட்டு வரிசையிலிருந்து விலகிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படியொரு அதிகாரம் எங்கள் வீட்டில் அவனுக்கு வேறெங்கும் இருந்ததில்லை.

இந்தப் படத்தின் முதல் பாகத்துக்கு அவன்தான் என்னைக் கூட்டிப்போனான். சித்தியைப் பெண் பார்க்க ஆட்கள் வந்த நாள் அது. ஊரை ஒட்டி வேங்கிக்காலில் இருந்த எங்கள் வீட்டில் நாற்காலி போதவில்லை. நான் வாயாடி வேறு, வந்தவர்களிடம் எதையாவது உளறிவைப்பேன் என்று அம்மாவுக்குப் பயம். "ரெண்டு பேரும் எங்கியாவது போயிட்டு வாங்க" என்று விரட்டினாள். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துத் தியேட்டரில் தமிழில் டப்பிங் செய்த ஆங்கிலப் படம். வறண்டுபோன கிரகங்களுக்குப் பழைய கப்பல் ஒன்றில் தண்ணீர் ஏற்றிப்போகும் ஒரு கேப்டனின் கதை. பாதிப் படத்திலேயே அண்ணன் என் காதில், "ஏய் கௌரி, இது நம்ம தெருவுக்கு வர்ற தண்ணி லாரிதான, றெக்க மட்டும்தான் எக்ஸ்ட்ரா" என்றான். அன்றிலிருந்து எங்களுக்கு அது தண்ணி லாரிப் படம். சித்திக்கு அந்த இடம் அமையவில்லை. ஆனால் இரண்டாம் பாகம் வந்தது, மூன்றாம் பாகமும் வந்தது. மூன்றுக்கும் நாங்கள் இருவரும்தான் போனோம். மூன்றாவதில் கேப்டன் ஏதோ ஒரு கிரகத்தில் தனியாக மாட்டிக்கொண்டதோடு முடித்துவிட்டார்கள். பல வருஷம் அப்படியே கிடந்தது. அதற்குள் நான் படித்து முடித்து, வேலைக்கு விமானம் ஏறி, ஜெர்மன் பேசக் கற்றுக்கொண்டிருந்தேன்.

இப்போது நான்காம் பாகத்தில் கேப்டன் கிழவனாகத் திரும்பி வருகிறான். வந்தவன் ஜெர்மனில் பேசினான். இங்கேயும் எல்லாப் படத்துக்கும் டப்பிங்தான். அவனுடைய சொந்தக் குரல் எப்படி இருக்கும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தமிழ் டப்பிங்கில் கரகரத்த மதுரைக் குரலில் "எடுறா வண்டிய" என்றவன், வங்கி அதிகாரி மாதிரி இலக்கணச் சுத்தமாகப் பேசியதைக் கேட்க என்னவோபோல் இருந்தது. படமும் சுமார்தான். ஆனால் ஓரிடத்தில் அவன் துருப்பிடித்த கப்பலைத் தட்டிக்கொடுத்து, சூடாகிவிட்டது, கொஞ்சம் நிற்கட்டும் என்கிறான். அப்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த அம்மாள் கைப்பையைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

திங்கட்கிழமை மருத்துவமனை ஆய்வகத்தில், கூட வேலை செய்யும் ஊட்டே காபியோடு வந்து வார இறுதி எப்படிப் போயிற்று என்று கேட்டாள். நல்ல மனசுக்காரி. என் ஊர்ப் பெயரைக் கேட்ட அன்றே இணையத்தில் தேடி, மலையையும் ஆசிரமத்தையும் பார்த்துவிட்டு, அங்கே பிறந்தவர்கள் எல்லாரும் விடியற்காலையில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்கள் என்று முடிவு செய்துகொண்டவள். அப்பாடா, ஒருத்தி கேட்டாளே என்று நான் அவசரமாகச் சொல்லத் தொடங்கினேன். படம் பார்த்தேன், நன்றாக இல்லை, ஆனால் அழுதேன், யாரிடமும் பேச முடியவில்லை, அதுதான் கஷ்டமாக இருக்கிறது. படத்தைப் பற்றி யாரிடமும் பேச முடியவில்லை என்று நான் சொல்ல நினைத்ததில், 'படத்தைப் பற்றி' மட்டும் என் ஜெர்மனில் விட்டுப்போயிற்று போலிருக்கிறது. ஊட்டே காபியைக் கீழே வைத்தாள். மெதுவாக என் முழங்கையைத் தொட்டு, "எவ்வளவு நாளாக இப்படி இருக்கிறது?" என்றாள். மத்தியானம் ஒரு துண்டுச் சீட்டில் ஊழியர்களுக்கான மனநல ஆலோசகரின் எண்ணை எழுதிக்கொண்டு வந்து தந்தாள். "நீ தியானம் செய்கிறவள், சீக்கிரம் சரியாகிவிடும்" என்றும் சொன்னாள். நான் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். அவள் கண்ணில் இருந்தது நிஜமான அக்கறை. அதை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

அதன்பிறகு வீட்டுக்கு வந்தால் பார்வையாளர் கருத்துகளைப் படிப்பதே வேலையாயிற்று. ஜெர்மன்காரர்கள் பத்தி பத்தியாக எழுதியிருந்தார்கள். இரண்டாம் பாகத்தில் இடது பக்கம் இருந்த எரிபொருள் தொட்டி இதில் எப்படி வலது பக்கம் போயிற்று என்று ஒருவர் வருத்தப்பட்டிருந்தார். தமிழில் ஒரு திரைப்படப் பக்கத்தில் கொஞ்சம் பேர்தான் எழுதியிருந்தார்கள். "கெழவன வீட்ல உக்கார வைங்கப்பா." "எனக்குப் புடிச்சுது, என் பையன் தூங்கிட்டான்." "பழைய டப்பிங் வாய்ஸ் எங்கடா?" ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்தேன். என் அறையில் அந்த வாரம் பேசப்பட்ட தமிழ் அவ்வளவுதான். நானும் பெயர் சொல்லாமல் எழுதினேன்: "படம் சுமார். ஆனா வண்டியத் தட்டிக்குடுத்து, சூடாயிடுச்சு, கொஞ்சம் நிக்கட்டும்னு சொல்றான் பாருங்க, அந்த ஒரு எடத்துக்காக மொத்தப் படத்தையும் மன்னிச்சிடலாம்." காலையில் பார்த்தால் அதைப் பலருக்குப் பிடித்திருந்தது.

அண்ணனிடம் வாரம் ஒருமுறை பேசுவேன். அவன் இப்போது செங்கம் சாலையில் வெளிநாட்டுக்காரர்களுக்கு அறைகள் வாடகைக்கு விடுகிறான். ஜெர்மன்காரர்களோடு என்னைவிட அவன் அதிகம் சிரித்துப் பேசுகிறான் என்று நினைக்கிறேன். எங்கள் பேச்சோ வரவரச் சுருங்கிவிட்டது. சாப்பிட்டியா, அங்க மழையா, அம்மா மாத்திரை போட்டாளா. அந்த வாரம் நான், "ணா, தண்ணி லாரி நாலாவது வந்திருக்குது, பாத்தியா?" என்றேன்.

"அத இன்னும் எடுக்குறானுங்களா?"

"போயி பாருணா. பாத்துட்டுச் சொல்லு."

"பௌர்ணமி வருது, ரூமெல்லாம் ஃபுல்லு. முடியட்டும், போறேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனே கூப்பிட்டான். "பாத்துட்டேன் கௌரி" என்றான். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எப்டிணா, எப்டி இருந்துச்சு என்று கேட்டேன். தொண்டையைச் செருமிக்கொண்டான். "படம் சுமார். ஆனா அந்த வண்டியத் தட்டிக்குடுத்து, சூடாயிடுச்சு, கொஞ்சம் நிக்கட்டும்னு சொல்றான் பாரு, அந்த ஒரு எடத்துக்காக மொத்தப் படத்தையும்..."

"மன்னிச்சிடலாம்" என்று நான் முடித்தேன்.

"உனுக்கு எப்டித் தெரியும்?" என்றான்.

"ணா, அது நான் எழுதுனது."

"அய்யய்யோ" என்றான். பிறகு சிரித்தான். நானும் சிரித்தேன். ஏன் பொய் சொன்னான் என்று நான் கேட்கவில்லை. அவனே சொன்னான்.

"ரெண்டு தபா கெளம்புனேன்மா. தியேட்டர் வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துட்டேன். தனியா போயி ஒக்காந்து என்னா பண்றது? உங்கண்ணிக்கு இதெல்லாம் புடிக்காது. நீ ஆசையா கேட்டியே, பாக்கலன்னு சொல்ல ஒரு மாதிரி ஆயிடுச்சு."

நான் சன்னலுக்கு வெளியே பார்த்தேன். அவனைச் சுற்றி ஊரே இருக்கிறது. அவன் என்னை மாதிரி தனி ஆள் இல்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

"வர்ற ஞாயித்துக்கெழம போ" என்றேன். "அங்க மேட்னி ஆரம்பிக்கறப்ப இங்க காலைல ஒரு ஷோ இருக்குது. நானும் போறேன். ஒண்ணாப் பாத்த மாதிரி இருக்கும்."

"வெள்ளிக்கெழம படத்தத் தூக்காம இருக்கணுமே" என்றான். குரல் மாறியிருந்தது. "சரி, போறேன். சத்தியமா."

தூக்கவில்லை. அந்த ஞாயிறு காலை இங்கே அரங்கில் ஐந்தாறு பேர்தான். படம் பாதி தாண்டியிருக்கும், கைபேசி அதிர்ந்தது. குனிந்தபடியே கதவைத் தள்ளி வெளியே வந்தேன். நடைபாதையில் சாம்பல் நிறக் கம்பளம், ஒரு ஈ காக்கை இல்லை.

"இன்டர்வல்!" என்று கத்தினான். பின்னால் ஒரே இரைச்சல். யாரோ சமோசா விற்கிறார்கள், ஒரு குழந்தை அழுகிறது. "கரெக்டா கெழவன் மூஞ்சியக் காட்டுனான், இன்டர்வல் போட்டுட்டான். விசிலு பாரு! பக்கத்து சீட்டுல ஒர்த்தரு கிரிவலம் சுத்திட்டு வந்து குறட்ட வுட்டுட்டு இருந்தாரு, அவரே எழுந்துட்டாரு. உனுக்கு எது வரைக்கும் வந்திருக்குது?"

"இங்க இன்டர்வலே இல்லணா. ஓடிட்டே இருக்குது."

"அப்போ சொல்லிடாத, சொல்லிடாத. பெல் அடிச்சிட்டான். வெக்கிறேன்."

வைக்கவில்லை. அழைப்பைத் துண்டிக்க மறந்து கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுவிட்டான். துணி உரசும் சத்தம் கேட்டது, பிறகு இருக்கை கிரீச்சிட்டது, பிறகு எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேப்டனின் தமிழ்க் குரல். பழைய குரல் இல்லை, புது ஆள் யாரோ. ஆனால் தமிழ். அவன் என்ன சொன்னான் என்று புரியவில்லை. அரங்கமே சிரித்தது. அதற்கு நடுவில் என் அண்ணன் சிரித்தது தனியாகக் கேட்டது.

என் முதுகுக்குப் பின்னால் கதவிடுக்கு வழியாக அதே கேப்டன் எனக்கு நன்றாகவே புரிகிற ஜெர்மனில் நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தான். டிக்கெட் கிழிக்கும் பையன் வந்து, ஏதாவது பிரச்சினையா என்று சைகையில் கேட்டான். இல்லை என்று தலையசைத்தேன். கைபேசியைக் காதில் அழுத்திக்கொண்டு, உள்ளே போகாமல், அழைப்பையும் வைக்காமல், இரண்டு படத்தையும் கேட்டபடி அந்த நடைபாதையிலேயே நின்றேன்.