கருவாடு ஊறிய தண்ணீர்

கோவளத்தில் எங்கள் வீட்டுச் சமையலறை மூலையில், காய்கறித் தோலை உரமாக்க ஒரு தொட்டியில் மண்புழு வளர்க்கிறேன். மீன் கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவது எங்கள் ஊர் வழக்கம். அந்த நினைப்பில் ஒருநாள் கருவாடு ஊறிய தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினேன்.

மறுநாள் தரையெல்லாம் புழுக்கள் செத்துக் கிடந்தன. எரிச்சலில் மனைவியிடம், "நீ ஊறுகாய கொட்டினியா?" என்று கத்தினேன்.

"உன் புழுவுக்கு நான் இன்னாத்துக்கு உப்பு போடப்போறேன்?" என்றாள்.

உப்பு என்றதும்தான், நான் ஊற்றிய கருவாட்டுத் தண்ணீரும் உப்புதான் என்பது எனக்கு உறைத்தது. என்மேலேயே ஆத்திரம் வந்தது. அவளே குனிந்து தேடி, "நாலு உசுரோட கீது, வேற மண்ணுல வுடு" என்றாள்.

இன்று தொட்டி நிறையப் புழுக்கள். ஊற்றியது நான்தான் என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை. இந்தப் பத்திரிகையை எங்கள் வீட்டில் முதலில் படிப்பவள் அவள்தான்.