கிணற்றுக்குள் வெயில்

சுதந்திரம் வந்த புதிதில் முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் நான் அறிவியல் வாத்தியார். மார்கழிக் காலையில் பள்ளிக் கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். பூமிக்குள் நெருப்பு இருப்பதால்தான் அப்படி என்று வகுப்பில் அடித்துச் சொன்னேன். சன்னலுக்கு வெளியே தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த பள்ளி ஆயா கேட்டுவிட்டார்.

“ஏன் வாத்தியாரே, சித்திரையில இதே தண்ணி சில்லுன்னு இருக்கே. அப்ப நெருப்பு அணைஞ்சு போகுதாக்கும்?”

வகுப்பே சிரித்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவர் வாயை அடைக்கவே தர்மாமீட்டரைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினேன். சித்திரையிலும் இறக்கினேன். இரண்டு முறையும் பாதரசம் ஏறக்குறைய ஒரே கோட்டில் நின்றது. மாறியது வெளிக்காற்றுதான், தண்ணீர் அல்ல.

புத்தகங்களைத் தேடிப் படித்தேன். உள்ளிருக்கும் நெருப்பிலிருந்து மேலே வந்து சேருவது சொற்பம். மண்ணுக்குச் சூடு கொடுப்பது வெயில்; ஆழத்து மண் அதைச் சேர்த்துவைத்துக் கிணற்றுத் தண்ணீரை வருடம் பூரா ஒரே சூட்டில் வைக்கிறது. அந்தச் சூடு ஒரேயடியாக வானத்துக்குத் தப்பிவிடாமல் காற்று போர்வைபோல் பிடித்துக்கொள்கிறது.

அடுத்த மார்கழியில் வகுப்பைக் கிணற்றடிக்கே கூட்டிப்போய் என் தப்பை ஒத்துக்கொண்டு, இதையெல்லாம் சொன்னேன். ஆயா ஒரு வாளி இறைத்து, அதில் கையை விட்டுப் பார்த்தார்.

“சித்திரை பூரா நாம திட்டித் தீத்தோமே, அந்த வெயிலா வாத்தியாரே இது?”